அசல் குங்ஃபூவைத் தேடுவது பற்றி

போன மாதம் நண்பர் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காலேஜ் முடித்தாயிற்று, வேலையில் சேர இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. "அங்கிள், ஒரிஜினல் குங்ஃபூ கத்துக்கணும். ஷாவோலின் போறதா, வூடாங் போறதான்னு குழப்பமா இருக்கு. மூணு மாசம் அங்கயே தங்கிக் கத்துக்கற மாதிரி இடமெல்லாம் பாத்து வச்சிருக்கேன். அப்பா பணம் தரேன்னுட்டார். எது அசல்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றான்.

அன்று அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல என்னால் முடியவில்லை. அதே கேள்வியோடு பல வருஷம் அலைந்தவன் நான். கேள்வியிலேயே ஒரு கோளாறு இருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. "எது அசல்?" என்று கேட்ட உடனே மனசு "எது பழசு?" என்று தேட ஆரம்பித்துவிடுகிறது. கோயில், மலை, வம்சாவளி, தாடி வைத்த கிழவர் என்று போய்விடுகிறோம். அந்தப் பையனுக்குச் சொல்ல வேண்டியதை யோசித்து எழுதியதுதான் இந்தக் குறிப்பு.

என் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷம் தாய்ச்சி பழகினேன். வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணிக்கு, ஒரு சமூகக் கூடத்தில். 24 அசைவுகள் கொண்ட ஒரு வரிசை. நம்மூர்க் குத்துவரிசையில் வரும் அதே அர்த்தத்தில்தான் வரிசை என்கிறேன்: தனி ஆளாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் அசைவுகளின் கோவை. எனக்கு அது நன்றாகவே வந்தது. பார்த்தவர்கள் "தண்ணி மாதிரி இருக்கு" என்றார்கள். ஒரு நாள் ஜூடோ பழகிய நண்பர் ஒருவர், "நில்லுங்க, சும்மா தள்ளிப் பாக்கறேன்" என்று என் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தார். பலமாகத் தள்ளவில்லை. நான் இரண்டடி பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார், எனக்கு அது இன்னும் அவமானமாக இருந்தது.

"வேர் விட்ட மாதிரி நில்லுங்கள்" என்று நான்கு வருஷமாகக் கேட்டிருக்கிறேன். அந்த நான்கு வருஷத்தில் ஒரு நாள்கூட யாரும் என்னைத் தள்ளிப் பார்த்ததில்லை.

ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் படித்த 24 அசைவு வரிசை, 1956இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம், யாங் பாணி தாய்ச்சியிலிருந்து சுருக்கி எடுத்தது. பொதுஜனம் ஐந்தாறு நிமிஷத்தில் செய்து முடிக்கவும் உடம்பு நன்றாக இருக்கவும் ஏற்பட்ட ஒன்று. அது அந்த வேலையைச் சரியாகவே செய்கிறது. தாய்ச்சி பழகும் முதியவர்கள் கீழே விழுவது குறைகிறது என்பதற்கு நல்ல மருத்துவச் சான்றுகூட உண்டு. அதை ஆயிரம் வருஷத்துப் போர்க்கலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு அந்த நினைப்பில்தான்.

போதிதர்மரை ஒரு ஓரமாக வைப்போம்

தமிழில் குங்ஃபூ பற்றி எழுதினால் இதைத் தாண்டிப் போக முடியாது. 2011இல் ‘7ஆம் அறிவு’ வந்த பிறகு, காஞ்சிபுரத்திலிருந்து போன போதிதர்மர்தான் சீனர்களுக்குச் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்பது நமக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத சரித்திரமாகிவிட்டது. பழைய சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது, இன்னொன்று தென்னிந்தியர் என்கிறது. இரண்டிலும் அவர் துறவி. சண்டை பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

அவரையும் உடற்பயிற்சியையும் சேர்க்கும் ‘யீஜின் ஜிங்’ என்ற நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டாங் வம்சத்துத் தளபதி எழுதியதாக ஒரு முன்னுரையைப் போட்டுக்கொண்டு வெளிவந்த நூல் அது. முன்னுரை போலி என்பதைச் சீன அறிஞர்களே கண்டுபிடித்துச் சிரித்துவிட்டார்கள். 1930இல் டாங் ஹாவ் என்ற ஆய்வாளர் ‘ஷாவோலின் வூடாங் ஆய்வு’ என்ற புத்தகத்தில் போதிதர்மர் கதையையும், தாய்ச்சியைப் படைத்தவர் ஜாங் சான்ஃபெங் என்ற தாவோ துறவி என்ற கதையையும் சேர்த்தே உடைத்தார். கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகிறது. ஷாவோலினில் ஒன்று, வூடாங்கில் ஒன்று என்று இரண்டு கதையும் இன்னும் நன்றாக விலை போகின்றன.

சீனாவோடு தமிழனுக்கு உண்மையான தொடர்பு வேண்டுமென்றால் ஃபூஜியான் மாகாணத்தின் சுவான்சோ துறைமுகத்துக்குப் போகலாம். அங்கே நம் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருக்கிறார்கள், 1281ஆம் வருஷத்துத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதற்கும் குத்துச்சண்டைக்கும் சம்பந்தமில்லை. இருந்தாலும் அது நிஜம். சுவான்சோ என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

ஷாவோலினில் என்ன இருக்கிறது

ஷாவோலின் மடத்தில் துறவிகள் சண்டை போட்டதற்கு உறுதியான ஆதாரம் உண்டு. 621இல், பின்னாளில் டாங் பேரரசராகப் போகும் லி ஷிமின்னுக்கு அவர்கள் போரில் உதவினார்கள். 728இல் நட்ட கல்வெட்டு அதைச் சொல்கிறது. ஆனால் எந்த முறையில் சண்டை போட்டார்கள் என்று அதில் இல்லை. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் சோங்யோ என்பவர் மடத்தில் பத்து வருஷத்துக்கு மேல் பயின்று ஒரு புத்தகம் எழுதினார். அது கம்புச் சண்டை பற்றிய புத்தகம். வெறுங்கைச் சண்டையை அந்தக் காலத்துத் துறவிகள் அப்போதுதான் வளர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அவர் எழுத்திலிருந்தே தெரிகிறது. ஷாவோலின் என்றதும் நம் கண்ணில் வரும் முஷ்டியும் உதையும் மடத்தின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தவை.

அப்புறம் 1928இல் ஒரு ராணுவப் பிரபு மடத்துக்குத் தீ வைத்தான். மண்டபங்களும் நூலகமும் எரிந்தன. பிறகு யுத்தம், புரட்சி, கலாச்சாரப் புரட்சி. 1982இல் ‘ஷாவோலின் டெம்பிள்’ படம் வந்தது. அதில் நடித்த ஜெட் லி மடத்தில் படித்தவர் இல்லை. பீஜிங் ஊஷு அணியின் வீரர், தேசிய சாம்பியன். அரசாங்கம் போட்டிக்காக வடிவமைத்த நவீன ஊஷுதான் அவர் கற்றது. படத்தைப் பார்த்துவிட்டு நாடெங்கும் இருந்து பையன்கள் கிளம்பி வந்தார்கள். இன்று மடத்தை ஒட்டிய தெங்ஃபெங் நகரில் பல்லாயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பெரிய பெரிய பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்தவர்கள் ராணுவத்துக்கும் போலீசுக்கும் சினிமாவுக்கும் பாதுகாப்பு வேலைக்கும் போகிறார்கள்.

இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன். அந்தப் பள்ளிகளில் பிள்ளைகள் விடியற்காலையில் எழுந்து ஓடுகிறார்கள். அவர்களுடைய உடம்பும் உழைப்பும் நிஜம். பலரும் சான்டா என்ற மோதல் போட்டிக்கும் நன்றாகத் தயாராகிறார்கள். ஆனால் ஆறு மாதம் கையில் வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரருக்கு அங்கே விற்கப்படுவது வேறு. காலையில் ஓட்டம், பிறகு நீட்டல் பயிற்சி, பிறகு வரிசை, பிறகு இன்னொரு வரிசை, கடைசியில் சான்றிதழ். மூன்று மாதத்தில் ஐந்து வரிசை கற்றேன் என்று திரும்பி வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தில் ஒன்றையாவது எதிரே நிற்கும் ஒருவரிடம் பிரயோகித்துப் பார்த்தார்களா என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

‘பாரம்பரியம்’ என்ற சொல்லே புதுசு

இப்போது எல்லோரும் சொல்லும் ‘பாரம்பரிய ஊஷு’ என்ற வகை, நவீன ஊஷு வந்த பிறகு அதிலிருந்து பிரித்துக் காட்ட ஏற்பட்ட பெயர். அதற்கு முன்னால் அவரவர் பாணிக்கு அவரவர் பெயர் இருந்தது, அவ்வளவுதான். 1910இல் ஷாங்காயில் தொடங்கிய ஜிங்வூ சங்கம் இந்த உலகத்தையே புரட்டிப் போட்டது. குருவின் வீட்டுக்குள் ரகசியமாக இருந்ததை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. பல பாணிகளிலிருந்து எடுத்து ஒரு பொதுப் பாடத்திட்டம் போட்டது, பெண்களையும் சேர்த்துக்கொண்டது. அதன் கிளைகள் தென்கிழக்காசியாவெங்கும் போயின. கோலாலம்பூரில் சின் வூ அரங்கம் இன்றும் இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது பெரிய காரியம்தான். ஆனால் ஒரு அறையில் ஐம்பது பேருக்கு ஒரே நேரத்தில் சொல்லித்தர வேண்டுமென்றால் வரிசை ஒன்றுதான் தோது. ஐம்பது பேர் கையையும் ஆசிரியர் தொட்டுத் திருத்த முடியாதில்லையா?

1928இல் நான்ஜிங்கில் மத்திய குவோஷு நிறுவனம் வந்தது. அது நடத்திய முதல் தேசியத் தேர்வில் மோதலும் ஒரு பகுதி. காயங்கள் அதிகமாகி இறுதிச் சுற்றுகளை நடத்தாமலே நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு மக்கள் சீனத்தில், 1950களிலிருந்து, மோதலை ஒதுக்கிவைத்துவிட்டு அழகுக்கும் துள்ளலுக்கும் மதிப்பெண் போடும் போட்டி முறை வளர்ந்தது. 1980களின் நடுவில் அரசே நாடு முழுக்க ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தபோது 129 பாணிகள் பட்டியலில் ஏறின. 129 என்ற எண் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த 129இல் எத்தனை பாணிகளில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று பழகுகிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமான கணக்கு.

வரிசை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஸ்வரப்படுத்திய புத்தகத்தில் கீர்த்தனை முழுசாக இருக்கிறது. கமகம் அதில் இல்லை. அது குரு பாட, சிஷ்யன் பாட, "அப்படி இல்லை, இப்படி" என்று அவர் திருத்தும்போது வருவது. வரிசை அந்தப் புத்தகம் மாதிரி. எதிரே ஒருவர் தள்ளும்போது, இழுக்கும்போது, நம் கணக்கைக் கெடுக்கும்போதுதான் மற்றது வரும்.

இந்தப் புலம்பலும் புதுசில்லை. 16ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரோடு போரிட்ட தளபதி சி ஜிகுவாங், பார்வைக்கு அழகாகச் சுழற்றும் ‘பூ வேலை’ ஆயுதப் பயிற்சி சண்டைக்கு உதவாது என்று தன் படைநூலில் எரிச்சலோடு எழுதிவைத்திருக்கிறார். நாம் பொற்காலம் என்று நினைக்கும் காலத்திலேயே நிலைமை அதுதான்.

ஒரு ஊர், ஒரு கிழவர்

பாரம்பரியம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் சென்ஜியாகௌ. ஹெனான் மாகாணத்தில் உள்ள இந்தச் சிற்றூர்தான் தாய்ச்சி பிறந்த ஊர் என்பதை, டாங் ஹாவ் நேரில் போய் ஆராய்ந்த பிறகு பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் சென் வாங்டிங் என்ற படைவீரரிடமிருந்து அந்தக் குடும்பக் கலை தொடங்குகிறது.

அதே குடும்பத்தில் பிறந்த சென் ஜாவ்பி, 1920களின் கடைசியில் ஊரைவிட்டுக் கிளம்பி பீஜிங்கிலும் நான்ஜிங்கிலும் கற்பித்தவர். 1958இல், தன் 65ஆவது வயதில், ஊருக்கு வந்து பார்க்கிறார். தாய்ச்சி பிறந்த ஊரில் தாய்ச்சியைச் சரியாகச் செய்ய ஆள் இல்லை. யுத்தமும் பஞ்சமும் ஒரு தலைமுறையையே விழுங்கியிருந்தன. அவர் அங்கேயே தங்கி இளைஞர்களுக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். கலாச்சாரப் புரட்சியின்போது அதற்கும் தொல்லை வந்தது, மறைத்துப் பழக வேண்டியிருந்தது. 1972இல் இறந்துபோனார். அவரிடம் படித்த பையன்கள்தான் சென் சியாவ்வாங், சென் ஜெங்லெய், வாங் சியான், ஜு தியான்சாய். இன்று உலகம் முழுக்க ‘சென் கிராமத்துத் தாய்ச்சி’ என்று கற்பிக்கப்படுவதில் பெரும்பகுதி இந்த நால்வர் வழியாக வந்தது. அவர் இறந்த பிறகு பீஜிங்கிலிருந்து சென் ஜாவ்குய் வந்து, தலைநகரில் தன் தகப்பனாரிடம் கற்ற வேறொரு வடிவத்தைச் சொல்லித்தந்தார். ஊர்க்காரர்கள் அதற்குப் ‘புதிய சட்டகம்’ என்று பெயர் வைத்தார்கள்.

ஆக நானூறு வருஷத்து ஊர்க்கலை ஒரு கிழவரின் பதினாலு வருஷம் என்ற ஊசிக்காது வழியாக நுழைந்து வந்திருக்கிறது, பாதி பீஜிங் போய்த் திரும்பி வந்திருக்கிறது. எனக்கு அதன்மேல் மரியாதை கூடுகிறதே தவிர குறையவில்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட பிறகு "மாறாத தூய வடிவம்" என்று யாராவது சொன்னால் நான் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிறேன்.

இருபது விநாடிச் சண்டை

2017 ஏப்ரலில் செங்டூ நகரில் ஷூ ஷியாவ்டோங் என்ற கலப்புச் சண்டை வீரர், ‘இடித் தாய்ச்சி’ மாஸ்டர் என்று சொல்லிக்கொண்ட வெய் லெய்யை இருபது விநாடிக்குள் தரையில் சாய்த்தார். அந்த வீடியோ உங்களில் பலர் பார்த்ததுதான். 2020இல் மா பாவ்குவோ என்ற இன்னொரு தாய்ச்சி மாஸ்டர் அரை நிமிஷத்தில் மூன்று முறை விழுந்தார். அந்த வருஷமே சீன ஊஷு சங்கம், ‘மாஸ்டர்’, ‘பீடாதிபதி’, ‘அசல்’, ‘நேரடி வாரிசு’ போன்ற பட்டங்களை யாரும் தாங்களே சூட்டிக்கொள்ள வேண்டாம் என்று அறிக்கை விட்டது. நம்ம பையன் தேடும் அதே ‘அசல்’ என்ற சொல்தான்.

இந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு கூட்டம் "குங்ஃபூ எல்லாமே டூப்பு" என்கிறது. இன்னொரு கூட்டம் "அவங்க நிஜமான மாஸ்டர் இல்ல, நிஜமானவங்க சண்டைக்கு வரமாட்டாங்க" என்கிறது. இரண்டாவது பேச்சு ரொம்ப வசதியானது. வராதவரை யாரும் தோற்கடிக்க முடியாது.

எனக்கு அந்த வீடியோவில் கண்ணில் பட்டது வேறு. முதல் குத்து வந்தபோது வெய் லெய் உடம்பில் தெரிந்த ஆச்சரியம். இப்படி ஒருவர் முகத்தை நோக்கி நிஜமாகவே பாய்வார் என்பது அந்த உடம்புக்குத் தெரியாது. நாற்காலியில் விழுந்த அன்று என் உடம்புக்கும் அதே ஆச்சரியம்தான்.

1954இல் மக்காவில் நடந்த சண்டையைத் தேடிப் பாருங்கள், படச்சுருள் கிடைக்கிறது. வூ பாணித் தாய்ச்சியின் வூ கோங்யிக்கும் வெள்ளைக் கொக்குப் பாணியின் சான் ஹாக்ஃபூவுக்கும் நடந்தது. இருவருமே பெயர் பெற்றவர்கள், ஊரே திரண்டு வந்தது. பார்த்தால் இருவரும் தாறுமாறாகக் கையை வீசுகிறார்கள். வரிசையில் வரும் நளினம் ஒன்றுகூட இல்லை. வெற்றி தோல்வி சொல்லாமல் இரண்டாம் சுற்றிலேயே நிறுத்திவிட்டார்கள். அதையொட்டி ஹாங்காங் பத்திரிகையில் தொடங்கிய தொடர்கதைதான் நவீன வீரசாகச நாவல்களுக்கு ஆரம்பம். நிஜச் சண்டை ஏமாற்றமாக இருந்தது, கதை அமோகமாக வளர்ந்தது. நாம் இன்றும் தேடிப் போவது பெரும்பாலும் அந்தக் கதையைத்தான்.

கேமராவில் சிக்காதது

ஹாங்காங்கில் ஒரு நல்ல காரியம் பத்து வருஷத்துக்கு மேலாக நடந்துவருகிறது. வயதான ஆசிரியர்களின் உடம்பில் குறிப்பொட்டுகளை ஒட்டி, சுற்றிலும் கேமராக்களை வைத்து, அவர்களுடைய வரிசைகளை முப்பரிமாணத்தில் பதிவு செய்கிறார்கள். ஹங் கார், ஹக்கா பாணிகள் எல்லாம் அப்படிப் பதிவாகியிருக்கின்றன. அங்கே வாடகை அப்படி. ஒரு காலத்தில் மேலே மொட்டை மாடியில் வகுப்பு, கீழே எலும்பு கட்டும் வைத்தியசாலை, திருவிழாவில் சிங்க நடனம் என்று பிழைத்த ஆசிரியர்களுக்கு இன்று இடமும் இல்லை, மாணவரும் இல்லை. அதனால் அந்தப் பதிவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். கேமரா பிடிப்பது கை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை. எவ்வளவு அழுத்தத்தில் போகிறது, எதிரே இருப்பவரின் எந்த அசைவுக்குப் பதிலாகப் போகிறது என்பது அதில் கிடைக்காது. விங் சுன்னில் ‘ச்சி சாவ்’ என்று ஒரு பயிற்சி உண்டு. இருவரும் முன்கைகளை ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணை நம்பாமல் தொடுகையிலேயே அடுத்தவர் நோக்கத்தைப் படிப்பது. 1950களில் இப் மானிடம் படித்த பையன்கள் அதோடு நிறுத்தாமல் மற்ற பாணிக்காரர்களோடு மாடியில் மோதிப் பார்த்தார்கள். விங் சுன் இன்று உலகமெங்கும் பரவியிருப்பதற்குப் புரூஸ் லீ ஒரு காரணம் என்றால் அந்த மாடிகளும் ஒரு காரணம்.

கோலாலம்பூர் அங்கிள்

நாற்காலியில் விழுந்து சில வருஷம் கழித்து வேலை விஷயமாகக் கோலாலம்பூர் போயிருந்தேன். அங்குள்ள தமிழ் நண்பர் ஒருவர் காலை ஆறரை மணிக்கு ஒரு பூங்காவுக்கு அழைத்துப் போனார். "மாஸ்டர்னு கூப்பிடாதீங்க, சிரிப்பாரு. அங்கிள்னு சொல்லுங்க போதும்" என்றார். எழுபது தாண்டிய சீனப் பெரியவர். ஹார்டுவேர் கடை வைத்திருந்து மூடியவர். மொத்தம் ஐந்து மாணவர்கள். அதில் ஒருவர் லாரி ஓட்டும் தமிழ் இளைஞர், பதினோரு வருஷமாக வருகிறாராம்.

அவர்கள் பழகுவது வூஸூ முறை, அதாவது ஐந்து மூதாதையர் முஷ்டி. ஃபூஜியானிலிருந்து வந்த ஹொக்கியன்காரர்கள் மலாயாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் கொண்டுவந்த பாணி. ஐந்து மூதாதையரில் போதிதர்மரும் ஒருவர் என்று அவர்களும் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவான்சோவைச் சேர்ந்த சாய் யூமிங் பல பாணிகளிலிருந்து சேர்த்துக் கட்டிய முறை. ஆமாம், நம் கல்வெட்டு இருக்கும் அதே சுவான்சோ. பழமை என்று பார்த்தால் கிரிக்கெட்டைவிட இளையது.

அதன் அடிப்படை ‘சாம் சியென்’ என்ற சின்ன வரிசை. முன்னால் மூன்று எட்டு, பின்னால் மூன்று எட்டு, கையில் நாலைந்து அசைவு. பார்க்க ஒன்றுமே இல்லை. அங்கிள் என்னையும் அதைச் செய்யச் சொன்னார். ஒவ்வொரு எட்டிலும் வந்து தோளை அழுத்தினார், இடுப்பைத் தள்ளினார், வயிற்றில் தட்டினார், முன்கையைப் பிடித்து இழுத்தார். விழுந்தால் சிரிப்பார், திரும்ப முதலிலிருந்து. அரை மணி நேரத்தில் எனக்குக் கால் நடுங்கிவிட்டது. ஆனால் ‘வேர்’ என்றால் என்ன என்று நான்கு வருஷத்தில் தெரியாதது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

லாரிக்காரத் தம்பி சொன்னார்: "அங்கிள் பெருசா ஒன்னும் சொல்லித் தரமாட்டாருண்ணே. இந்தச் சாம் சியென்னையே ரெண்டு வருசம் செய்ய வச்சாரு. ஆனா டெய்லி வந்து தொட்டுப் பாப்பாரு. நேத்து தாங்குனது இன்னிக்குத் தாங்குதான்னு பாப்பாரு." அவரையே அங்கிள்மேல் கை வைக்கச் சொல்லிப் பார்த்தேன். தம்பி தள்ளியதில் அங்கிள் ஓரடி நகர்ந்தார். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை எனக்கு மறக்க முடியாது.

குங்ஃபூ என்ற சொல்லுக்குச் சண்டை என்று அர்த்தம் கிடையாது. நாள்பட உழைத்து வந்த தேர்ச்சி என்று பொருள். கைவந்த கலை என்கிறோமே, அதுதான். யாருடைய கை என்பதை அன்று அந்தப் பூங்காவில் பார்த்தேன்.

அங்கிளின் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார், இதில் ஆர்வமில்லை. வகுப்புக்குக் கட்டணம் கிடையாது, விளம்பரம் கிடையாது. இணையத்தில் தேடினால் அவர் வரமாட்டார். அந்த லாரிக்காரத் தம்பிக்கு நேரம் கிடைக்காமல் போனால் அந்த வரி அங்கேயே முடிந்துவிடும். உலகத்தில் அழிந்துகொண்டிருப்பது இந்த மாதிரி இடங்கள்தான், மலைக்கோயில்கள் இல்லை.

பையனுக்குச் சொன்னது

கடைசியில் அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். எந்தப் பாணி, எந்த மலை என்று கேட்காதே. எங்கே போனாலும் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பார். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நேரம் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தொட்டுப் பழகுகிறார்கள்? வரிசையில் ஒரு அசைவைக் காட்டி "இது எதுக்கு?" என்று கேட்டால், ஒத்துழைக்காத ஆளிடம் ஆசிரியர் செய்து காட்டுகிறாரா, இல்லை அது ரொம்ப ஆபத்தானது என்று கதை சொல்கிறாரா? மூத்த மாணவன் அவரை அசைத்துவிட்டால் அவர் முகம் எப்படிப் போகிறது? வேறு பாணிக்காரர்கள் வந்து பழகிவிட்டுப் போகிறார்களா? அடுத்த ரகசியத்துக்கு அடுத்த கட்டணம் என்று ஏணி வைத்திருக்கிறார்களா?

இதில் எதுவும் வேண்டாம், உடம்பு நன்றாக இருந்தால் போதும், மனசு அமைதியானால் போதும் என்றால் தாராளமாக அப்படியே பழகலாம். அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. எதைப் பழகுகிறோம் என்று தெரிந்து பழக வேண்டும், அவ்வளவுதான்.

"அப்போ ஷாவோலின் போக வேண்டாங்கறீங்களா அங்கிள்?" என்றான்.

"போ. சீனாவைப் பாத்துட்டு வா. ஆனா போறதுக்கு முன்னாடி மூணு மாசம் இங்கயே ஒரு ஜூடோ கிளாசுக்கோ பாக்சிங் கிளாசுக்கோ போ. நல்லா கீழ விழு. தள்ளினா எப்படி இருக்கும்னு உன் உடம்புக்குத் தெரியட்டும். அப்புறம் எங்க போனாலும் எது என்னன்னு உனக்கே தெரிஞ்சுடும்."

முகம் வாடிவிட்டது. அவன் எதிர்பார்த்த பதில் இது இல்லை. ஆனால் போன வாரம் அவன் அப்பா போன் செய்தார். பையன் பக்கத்துத் தெருவில் ஜூடோவில் சேர்ந்திருக்கிறானாம், முதல் நாளே தோளில் சுளுக்காம். "என்னய்யா சொல்லிக்குடுத்தே அவனுக்கு?" என்று கேட்டார்.